ஞாயிற்றுக்கிழமையைத் திறந்தவள்

என் தங்கை ஹிண்டா ப்ளோட்னிக் இந்த ஊருக்கு வாங்கித் தந்தவை இவை. சனிக்கிழமை கடையை மூடுகிறவன் ஞாயிற்றுக்கிழமை திறந்துகொள்ளலாம் என்ற நகரச் சட்டம். யூதர்களான எங்கள் பெரிய நோன்பு நாளில் வந்து விழுந்த நர்ஸ் தேர்வை மாநில அரசு ஒரு வாரம் தள்ளி வைத்தது. பண்டிகைக்கு வீட்டில் இருந்த பிள்ளைகளின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போடுவதைப் பள்ளிக்கூடம் நிறுத்தியது. மருத்துவமனையில் எங்கள் நோயாளிகளுக்கு மூடி முத்திரை வைத்த தனிச் சாப்பாடு; பத்து வருடம் கழித்து அதே தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் முஸ்லிம் நோயாளிகளுக்கும். இறந்தவரைத் தாமதிக்காமல் அடக்கம் செய்வது எங்களுக்கும் வழக்கம், மசூதிக்காரர்களுக்கும் வழக்கம். அதற்காக ஞாயிற்றுக்கிழமையிலும் அனுமதிச் சீட்டு கொடுக்க ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்தது. நிறத்தைப் பார்த்து வீடு விற்க மறுக்கக் கூடாது என்ற சட்டம். இது இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை ஜெயித்தது. லூத்தரன் தேவாலயம் எரிந்துபோன வருடம், ஏழு மாதம் அவர்களுடைய ஞாயிறு ஆராதனை எங்கள் ஜெபாலயத்தில் நடந்தது. இதில் லூத்தரன்காரர்கள் உடனே சம்மதித்துவிட்டார்கள், எங்கள் ஆட்களைச் சம்மதிக்க வைக்கத்தான் உயிர் போய் உயிர் வந்தது என்பாள்.

இதையெல்லாம் செய்தவளின் உயரம் நாலடி பத்து அங்குலம். படிப்பு, பள்ளிக்கூடம் முடித்த பிறகு தட்டெழுத்துப் பயிற்சி எட்டு மாதம். அவள் வக்கீல் இல்லை, மதகுருவான ரபி இல்லை, யாருடைய மனைவியும் இல்லை.

அடுத்த மாதம் அவள் ஓய்வு பெறுகிறாள். விழாவில் மேயர் பேசுவார், பிஷப் பேசுவார். முதல் காரியம் எப்படி நடந்தது என்பதற்கு நான் பக்கத்தில் நின்ற சாட்சி என்பதால் அதை மட்டும் நான் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ஹிண்டா 1947இல் யூத சமூகக் கூட்டமைப்பில் தட்டெழுத்தராகச் சேர்ந்தாள். சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். வருடம் முழுவதும் நீராவி வாசனை. எங்கள் ஆட்களுக்குப் பள்ளியிலோ நகர மன்றத்திலோ பத்திரிகையிலோ ஏதாவது சங்கடம் வந்தால் மரியாதையாக ஒரு கடிதம் எழுதுவதும், மற்ற மதத்துப் பெரியவர்களோடு உறவு கெடாமல் பார்த்துக்கொள்வதும்தான் அங்கே வேலை. தலைவர் மிஸ்டர் கோப்லென்ஸ் ஒரு வக்கீல். நல்ல மனிதர், பயந்த மனிதர். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், தொப்பியைக் கழற்றாமலே சொல்வார்: “அவங்களுக்கு நன்றி சொல்லி, நம்ம வருத்தத்தையும் சொல்லி, சத்தம் வராம ஒண்ணு எழுதிடும்மா.”

இவ்வளவுதான் அவர் சொல்வது. ஹிண்டா இரண்டு பக்கம் எழுதுவாள், அவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் காலத்து வழக்கப்படி கடிதத்தின் இடது பக்க அடிக்கோடியில், பெரிய எழுத்தில் தலைவருடைய பெயரின் முதலெழுத்துகள், ஒரு சாய்வுக் கோடு, பிறகு சின்ன எழுத்தில் தட்டெழுத்தருடைய முதலெழுத்துகள் இரண்டு. அந்த மூலையில் ஹிண்டா பதினொரு வருடம் குடியிருந்தாள்.

“உன் பேரு எங்கடி?” என்று நான் கேட்பேன்.

“கீழ இருக்கு பாரு.”

“எறும்பு மாதிரி இருக்கு.”

“கடிச்சா தெரியும்.”

எனக்கு வால்நட் தெருவில் ஹார்டுவேர் கடை. ஆணி, திருகு, கீல், குழாய், பெயின்ட், கண்ணாடி. எல்லாம் அளவுப்படி இழுப்பறையில் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கும் முன் மூடினால் சனிக்கிழமை முழுதும் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை திறப்பேன். எங்கள் பெல்மோரில் பாதிப் பேர் இரும்பு ஆலைத் தொழிலாளர்கள். அவர்கள் வீட்டில் கதவு தொங்குவதும் குழாய் ஒழுகுவதும் எந்த நாளிலும் நடக்கும். அதைப் பார்க்க நேரம் கிடைப்பது சனியும் ஞாயிறும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்று நகரத்தில் ஒரு பழைய சட்டம் இருந்தது. என் மாதிரிக் கடைகளை யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். 1957 கடைசியில் யாரோ புகார் எழுதிப் போட்டார்கள், போலீஸ்காரர் வர ஆரம்பித்தார். முதல் அபராதச் சீட்டு ஜனவரியில். இரண்டாவது 1958 பிப்ரவரி 16, ஞாயிறு காலை.

“ஐசர், தப்பா எடுத்துக்காதப்பா. மேல இருக்கறவரு சொல்லிட்டாரு” என்றார் போலீஸ்காரர். ஐசர் என்பது நான்.

“எழுதுங்க. கையுறையோட எழுதினா கோணலா வருது. உள்ள வந்து மேஜைல வச்சு எழுதுங்க.”

எழுதினார், கிழித்துக் கொடுத்தார். போகவில்லை. மின்சாமான் இழுப்பறைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பதினஞ்சு ஆம்ப் ஃப்யூஸ் இருக்கா? வீடே இருட்டா கெடக்கு. பொண்டாட்டி கத்தறா.”

“இருக்கு. ஆனா இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நான் வித்தா நீங்க மூணாவது சீட்டு எழுதணும்.”

அவர் முகத்தில் வந்த குழப்பத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஃப்யூஸை எடுத்து அவர் கோட்டுப் பையில் போட்டு, “இது வியாபாரம் இல்ல, நட்பு” என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது சீட்டு வந்தால் கடை உரிமம் ரத்தாகும். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி பெய்லாவும் ஹிண்டாவும் இருந்தார்கள். ஹிண்டா ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள்.

“மூணாவது சீட்டு வந்தா உரிமம் போச்சு. ரெண்டு நாளும் மூடினா கடையே போச்சு. அதனால ஞாயித்துக்கிழமை மூடிட்டு, சனிக்கிழமை திறக்கப் போறேன்.”

பெய்லா கரண்டியை வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. ஷபாத் என்கிற எங்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் நான் தீக்குச்சி கிழித்ததில்லை, பேனா பிடித்ததில்லை. இப்போது கல்லாவைத் திறக்கப் போகிறேன் என்கிறேன்.

ஹிண்டா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “எந்த சனிக்கிழமைலேர்ந்து?”

“ஏப்ரல் அஞ்சு. அதுவரைக்கும் ரெண்டு நாளும் மூடி எப்படியோ ஓட்டறேன்.”

“அன்னிக்கு பஸ்கா பண்டிகை. அறிவிருக்கா உனக்கு?”

“அப்ப அதுக்கு அடுத்தது.”

“அது பஸ்கா கடைசி நாள்.”

“சரிடி, ஏப்ரல் பத்தொம்போது.”

“அப்ப எனக்கு ஒம்போது வாரம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, பெய்லாவைப் பார்த்து, “அண்ணி, சூப் இன்னும் கொஞ்சம்” என்றாள்.

மறுநாளே தொடங்கிவிட்டாள். நகர மன்றத்தில் ஒன்பது உறுப்பினர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, அந்தப் பழைய சட்டத்தை மாற்றக் கேட்டாள். ஒன்பது பேரும் வெவ்வேறு வார்த்தையில் ஒரே பதிலைச் சொன்னார்கள்: தேவாலயங்கள் சண்டைக்கு வராது என்றால் எனக்கொன்றும் ஆட்சேபம் இல்லை. அதனால் ஹிண்டா தேவாலயங்களுக்குப் போனாள். ஊரிலேயே பெரிய கத்தோலிக்கப் பங்கின் குரு ஃபாதர் டெவானி. அவர் சரி என்றால் மற்றவர்களும் சரி என்பார்கள். அவர் கதவைத் திறந்து, குனிந்து அவளைப் பார்த்து, “எழுதிக் கொடுங்க, படிச்சுப் பாக்கறேன்” என்றாராம். மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

சட்டத்தை மாற்றுவது பற்றி நகர மன்றத்தில் விசாரணை மார்ச் 17, திங்கட்கிழமை என்று முடிவானது. காகிதங்களை அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நகர மன்றக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை மதியம் எல்லா மத குருமார்களையும் ஜெபாலயத்து மண்டபத்துக்குச் சாப்பிட அழைத்து, அங்கேயே பேசி, அங்கேயே ஒரு கூட்டுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்பது ஹிண்டாவின் யோசனை. மிஸ்டர் கோப்லென்ஸ் யோசித்துப் பார்த்து, “சாப்பாடுதானே, அதுல சத்தம் வராது” என்று ஒப்புக்கொண்டார்.

சமையல் பொறுப்பு பெண்கள் குழுவுக்கு. குழுத் தலைவி பெய்லா. வருகிறவர்கள் பெரியவர்கள், அதனால் இருப்பதிலேயே உசத்தியானதைப் போட வேண்டும்: கோழி சூப், மணிக்கணக்கில் வெந்த மாட்டு நெஞ்சுக் கறி. இதில் ஒரு சிக்கல். கறி போட்டால் எங்கள் வழக்கப்படி அந்தப் பந்தியில் பால் வரக் கூடாது, ஆகவே காபிக்குப் பால் கிடையாது. விருந்தாளிகளுக்குப் பாலில்லாத காபியைக் கொடுப்பதா என்று பெண்கள் குழு இரண்டு வாரம் கூடிக் கூடி விவாதித்தது. ஒரு நாள் பெய்லா தூக்கத்தில்கூட “பால் இல்லீங்க, மன்னிக்கணும்” என்றாள்.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதே காலுக்கு ஹிண்டா, வருகிறவர்களின் எண்ணிக்கையைச் சரிபார்க்க ஒவ்வொரு இடமாக போன் செய்தாள். ஃபாதர் டெவானியின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் எடுத்தார்.

“வருவாரு. மீன் முள்ளில்லாம இருக்குமா? ஒரு தடவ தொண்டைல மாட்டி டாக்டர்கிட்ட ஓடினோம்.”

“எந்த மீன்?” என்றாள் ஹிண்டா.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா. அதுவும் தவக்காலம். மீனில்லாம வேற என்ன போடுவீங்க?”

ஹிண்டா நன்றி சொல்லி போனை வைத்தாள். எடுத்தாள், என் கடைக்குப் போட்டாள்.

“அண்ணா, வண்டில எடம் இருக்கா?”

“குழாய் கெடக்கு.”

“குழாயை எறக்கு.”

நான் மண்டபத்துக்குப் போனபோது சமையலறையில் மூன்று பெரிய அண்டாவில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பெய்லா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டாங்கன்னு இந்த ஊர்ல சின்னக் கொழந்தைக்குக்கூட தெரியும்” என்றேன்.

“தெரியும். எனக்கும் தெரியும்.”

“அப்புறம்?”

“காபிக்குப் பால் இல்லையேங்கற கவலைல எல்லாம் மறந்துபோச்சு.” இரண்டு வாரம் எங்கள் விதிகளை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கும் விதி உண்டு என்பது பதினாறு பெண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“மீன் கடைக்கு போன் பண்ணியாச்சு. தவக்கால வெள்ளிக்கிழமை, எட்டு மணிக்கே காலியாம்” என்றாள் ஹிண்டா. “அண்ணி, நீங்க இன்னிக்கு ராத்திரிக்கு வீட்ல என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?”

“என்ன செய்வேன்? வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு என்ன செய்வாங்க? மீன் உருண்டை.”

“இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் அதுதானே இருக்கும்?”

பெய்லா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

வெள்ளி மாலை ஷபாத் விருந்தின் முதல் தட்டு, முள் எடுத்து அரைத்து உருட்டி வேகவைத்த கெண்டை மீன். வியாழக்கிழமையே செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடுவார்கள். பத்து மணிக்குக் கிளம்பி வால்நட் தெருவில் வீடு வீடாகப் போனோம். நான் வண்டியை ஓட்ட, ஹிண்டா கதவைத் தட்ட, பெய்லா பாத்திரத்தை வாங்கி வைத்தாள். சும்மா வாங்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மீனை எடுத்துக்கொண்டு கறியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மூன்றாவது வீடு மிஸஸ் ஸெலிக் வீடு. வெள்ளிக்கிழமை காலையில் யாராவது கதவைத் தட்டினால் அந்த அம்மாளுக்குக் கோபம் வரும்.

“என் மீனைப் பாதிரியாருக்கா கேக்கற? அதுல மிளகு அள்ளிப் போட்டிருக்கேனே, தாங்குவாரா?”

“தாங்குவாரு” என்றாள் ஹிண்டா.

“அப்ப பெய்லாவோடத கொண்டு போகாதே. சர்க்கரை போட்டுச் செய்யறா. அது மீனா, மிட்டாயா?”

“நான் இங்கதான் நிக்கறேன்” என்றாள் வண்டியிலிருந்து பெய்லா.

“தெரிஞ்சுதான் சொல்றேன். எடுத்துட்டுப் போங்க. பாத்திரம் திரும்பி வரணும்.”

இது எங்கள் ஊரில் பழைய சண்டை. லித்துவேனியாவிலிருந்து வந்த குடும்பங்கள் மிளகு போடும், போலந்துக் குடும்பங்கள் சர்க்கரை போடும். ஒருவர் வீட்டு மீனை மற்றவர் தொடுவதில்லை. பதினேழு வீட்டில் வாங்கினோம். எட்டு இனிப்பு, ஒன்பது காரம். கறி மண்டபத்தைவிட்டுப் போய்விட்டதால், கறி படாத காகிதத் தட்டுகளும் காகிதக் கோப்பைகளும் வாங்கிவந்தோம். கடைசியில் பெய்லா கோப்பைகளை மேஜையில் அடுக்கினாள்.

“இப்ப காபிக்குப் பால் ஊத்தலாம்” என்றாள். மீனுக்குப் பாலோடு பகை இல்லை. இரண்டு வாரக் கவலை அப்படித் தீர்ந்தது.

பன்னிரண்டு மணிக்கு பன்னிரண்டு குருமார்கள் வந்தார்கள். சனிக்கிழமையையே ஓய்வுநாளாக வைத்திருக்கும் அட்வென்டிஸ்ட் போதகர் முதலிலேயே எங்கள் பக்கம். லூத்தரன் சபையின் பாஸ்டர் க்ரூகர் எதையும் சொல்லாமல் ஃபாதர் டெவானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் தட்டிலும் இனிப்பு ஒன்று, காரம் ஒன்று, பக்கத்தில் பீட்ரூட்டோடு அரைத்த காரமுள்ளங்கித் துவையல். ஹிண்டா எழுந்து நின்று நடந்ததை அப்படியே சொன்னாள், கோழி சூப்பில் தொடங்கி மிஸஸ் ஸெலிக் வரைக்கும். மிஸ்டர் கோப்லென்ஸ் மேஜைத் துணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

முதலில் சிரித்தவர் பாஸ்டர் க்ரூகர். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. துவையலை ஜாம் என்று நினைத்து ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, “இது நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் குடுங்க” என்றார்.

ஃபாதர் டெவானி இரண்டு உருண்டையையும் சாப்பிட்டு முடித்தார். “காரம்தான் மீனு. இனிப்பு வேற ஏதோ பலகாரம்.”

“அது எப்படிச் சொல்றீங்க?” என்றார் பாஸ்டர். “இனிப்புதான் வாய்ல நிக்குது.”

இந்த விஷயத்தில் மேஜை இரண்டாகப் பிரிந்தது. பெய்லா பாஸ்டருக்கு மட்டும் மூன்றாவது உருண்டை வைத்தாள்.

பிறகு ஃபாதர் டெவானி ஹிண்டாவிடம் கேட்டார்: “அப்ப இன்னிக்கு ராத்திரி இந்தத் தெருவுல யார் வீட்லயும் மீனில்லையா?”

“இல்ல ஃபாதர்.”

“உங்க ஓய்வுநாளுக்குன்னு செஞ்சது.”

“ஆமா. எங்களுக்குக் கறி இருக்கு, அதனால யாரும் பட்டினி இல்ல. ஆனா எங்க அண்ணனுக்கு ஒரு ஓய்வுநாள் போச்சுன்னா அதுக்குப் பதிலா குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல.” என்னைக் காட்டினாள். நான் காபிப் பாத்திரத்தோடு நின்றிருந்தேன்.

ஃபாதர் கடிதத்தைக் கேட்டார். மூன்று பக்கம். மெதுவாகப் படித்தார். வேறொரு நாளை உண்மையாகவே புனித நாளாக வைத்து அன்று கடையை மூடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை திறப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை என்பது அதன் சாரம்.

“ஞாயித்துக்கிழமை காலைல என் பங்கு மக்கள் பூசைக்கு வராம உங்கண்ணன் கடைல ஆணி பொறுக்கிட்டு நின்னா?”

“பன்னெண்டு மணிக்கு மேல திறந்தா?”

“ஹிண்டா, காலைலதான் கூட்டமே” என்றேன் நான்.

“பூசை முடியற வரைக்கும் குழாய் கொஞ்சம் ஒழுகட்டும் அண்ணா.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரியைச் சேர்க்க அவள் அலுவலகத்துக்கு ஓடி மூன்று பக்கத்தையும் புதிதாகத் தட்டெழுதிக் கொண்டுவந்தாள். அவள் தட்டெழுதிய கடிதத்தில் அழித்து எழுதிய இடம் என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. ஃபாதர் டெவானி கையெழுத்துப் போட்டார். அப்புறம் பாஸ்டர் க்ரூகர், அப்புறம் வரிசையாகப் பன்னிரண்டு பேரும். கடைசியில் ஒரு கோடு காலியாக இருந்தது. அதற்குக் கீழே ‘தலைவர்’ என்று அடித்திருந்தது. மணி நாலு.

மிஸ்டர் கோப்லென்ஸ் பேனாவைத் திறந்தார். கடிதத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“நவம்பர்ல தேர்தல் இருக்கு. அதுக்கப்புறம் போட்டா நல்லதுன்னு நெனைக்கறேன். இப்ப இது சத்தம் போடும்மா.”

“நாங்க பன்னெண்டு பேர் போட்டுட்டோமே” என்றார் பாஸ்டர்.

“கேக்கறவங்க பேரு இல்லாம எங்க பேரு மட்டும் போகறது சரியா வராது” என்றார் ஃபாதர் டெவானி. கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

நான் மனதுக்குள் ஏப்ரல் பத்தொன்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹிண்டா கேட்டாள்: “சார், நம்ம விதிப்புத்தகத்துல, கடிதத்துல யார் கையெழுத்துப் போடணும்னு இருக்கு?”

“நிர்வாகிகள்ல ஒருத்தர்.”

“தலைவர்னு இருக்கா?”

அவர் வக்கீல். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவர் வாய் வராது. “நிர்வாகின்னுதான் இருக்கு.”

“போன வருஷக் கூட்டக் குறிப்புல என்னைச் செயலாளர்னு எழுதியிருக்கீங்க. குறிப்பு எடுக்க வேற யாரும் வரலைன்னு.”

“எழுதியிருக்கேன்.”

“செயலாளர் நிர்வாகியா சார்?”

மிஸ்டர் கோப்லென்ஸ் ரொம்ப நேரம் யோசித்தார். அவருக்குள் இருந்த பயந்தவரும் வக்கீலும் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

“நிர்வாகிதான்” என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, “இந்தக் கடிதத்தை எழுதினதும் மிஸ் ப்ளோட்னிக்தான். எல்லாத்தையும் அவங்கதான் எழுதறாங்க. பதினோரு வருஷமா” என்று சொல்லி, தன் பேனாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார்.

‘தலைவர்’ என்ற வார்த்தையைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். பன்னிரண்டு கையெழுத்து விழுந்த பக்கத்தை இனி புதிதாகத் தட்டெழுத முடியாது. ஹிண்டா பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினாள். வேறு எதற்கும் தயங்கவில்லை, கோடு கோணலாகப் போய்விடும் என்றுதான். எனக்கு அது தெரியும், நானும் அதே வீட்டில் வளர்ந்தவன். சட்டைப் பையிலிருந்த மடிப்பு அளவுகோலை எடுத்து அந்த வார்த்தையின் மேல் வைத்துப் பிடித்தேன். அவள் ஒரே இழுப்பில் கோடு போட்டாள். மேலே ‘செயலாளர்’ என்று எழுதினாள். பிறகு காலிக் கோட்டில் தன் முழுப் பெயரை எழுதினாள்.

“பாத்தியா” என்றாள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “எறும்பு.”

நகர மன்றம் மூன்று தெரு தள்ளி. குமாஸ்தா கடிதத்தில் குத்திய முத்திரையில் நேரம் நாலு நாற்பத்தொன்று. வீட்டுக்கு வந்து குளித்து, ஆறு பதினொன்றுக்குப் பெய்லா மெழுகுவர்த்தி ஏற்றினாள். அந்த ஷபாத்தில் வால்நட் தெருவில் பதினேழு வீட்டில் மீனில்லாமல் விருந்து தொடங்கியது. மறுநாள் ஜெபாலய வாசலில் மிஸஸ் ஸெலிக் பெய்லாவிடம், “கறி கொஞ்சம் உப்பு கம்மி” என்று சொல்லிவிட்டு, “பாதிரியார் காரம்தான்னு சொன்னாராமே” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். பாஸ்டர் சொன்னதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விசாரணையில் நின்று பேசியது ஹிண்டா. மேஜை உயரமாக இருந்ததால் காவலாளி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போட்டார். அவளுக்குப் பின்னால் முதல் வரிசையில் ஃபாதர் டெவானி, பாஸ்டர் க்ரூகர், நடுவில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மிஸ்டர் கோப்லென்ஸ். அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை.

ஒரு உறுப்பினர் கேட்டார்: “இன்னிக்கு நீங்க ஞாயித்துக்கிழமையைக் கேக்கறீங்க. நாளைக்கு யாராவது வந்து புதன்கிழமைதான் எங்க ஓய்வுநாள்னா?”

“அனுப்புங்க சார். அவங்களுக்கும் ஒரு கடிதம் எழுதித் தரேன்.”

ஆறு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு.

ஏப்ரல் 19, சனிக்கிழமை. நான் ஜெபாலயத்தில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பன்னிரண்டு மணி அடிக்கிற சத்தம் நின்றதும் கடைக் கதவைத் திறந்தேன். வாசலில் பூசை முடிந்து வந்த கூட்டம் நின்றது. எல்லோருக்கும் முன்னால் அந்தப் போலீஸ்காரர்.

“ஃப்யூஸ்” என்றார். “பதினஞ்சு ஆம்ப். இந்தத் தடவ வியாபாரம்.”

அதற்குப் பிறகு கூட்டமைப்பின் கடிதங்களில் ஹிண்டாவின் பெயர் மேலே ஏறிவிட்டது. மிஸ்டர் கோப்லென்ஸ் இருந்தவரைக்கும் அவளுடைய ஒவ்வொரு கடிதத்தையும் அவள் கண்ணெதிரிலேயே வாங்கிப் படித்து, “சத்தமா இருக்கு, அனுப்பு” என்பார்.

குமாஸ்தாவிடம் கேட்டு அந்த முதல் கடிதத்துக்கு ஒரு புகைப்பட நகல் வாங்கினேன். கடையில், அரை அங்குலத் திருகு இழுப்பறைக்கு மேலே, கண்ணாடி போட்டு நானே மாட்டியது. பன்னிரண்டு குருமார்களின் கையெழுத்து. அதற்குக் கீழே நேராகக் கோடு போட்டு அடித்த ஒரு வார்த்தை. அதன் மேல் என் தங்கையின் பெயர், முழுதாக. பள்ளிக்கூடத்தில், வங்கியில் அவள் போட்டதையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவில்லை. தான் எழுதிய வார்த்தைகளுக்குக் கீழே அவள் முதன்முதலாகத் தன் பெயரைப் போட்டது 1958 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. எங்கள் நாட்காட்டியில் 5718, ஆதார் மாதம் 22.